மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திய பின் வரும் விலகல் அறிகுறிகள்: படிப்படியாகச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

மூன்று ஆண்டுகள் எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தேன். ஒரு நாள் அட்டை தீர்ந்தது. நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு என்று தோன்றியது, மறுபடி வாங்கவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினேன். கண் பக்கவாட்டில் போன அந்த நொடியில் தலைக்குள் ஷாக் அடித்தாற்போல் ஒரு துடிப்பு ஓடியது. உதடு வரைக்கும் அது பரவியது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி கண்ணைத் திருப்பினேன். மறுபடி அதே துடிப்பு.

அந்த வார இறுதிக்குள் குமட்டல், வியர்வை, விடியும்வரை துரத்தும் கனவுகள், காரணமே இல்லாத கோபம், செருப்பின் வார் அறுந்ததற்கு உட்கார்ந்து அழும் அளவுக்குக் கண்ணீர். பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டினேன். நான் பார்த்த மருத்துவரும் அப்படியே சொல்லி, முன்பைவிடக் கூடுதல் அளவு எழுதிக்கொடுத்தார். மாத்திரையை மறுபடி தொடங்கிய இரண்டாம் நாளே எல்லாம் அடங்கிப்போனது. மனச்சோர்வு நோய் இரண்டு நாளில் சரியாவதில்லை. எனக்கு வந்தது நோயே இல்லை, மருந்து திடீரென்று இல்லாமல்போனதை உடல் தாங்க முடியாமல் தவித்த தவிப்பு என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம். மருத்துவரோடு உட்கார்ந்து பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய செய்திகள் இவை.

எல்லாவற்றுக்கும் முன்: காத்திருக்கக் கூடாத நிலைகள்

சாக வேண்டும், உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே வைத்துவிட்டு அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். அவசர சிகிச்சைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே போக வேண்டிய நேரம் அது. அந்த எண்ணம் மருந்து விலகலின் விளைவாகவும் வரலாம். அது கடந்துபோகக் கூடியது. ஆனால் கடந்துபோகும்வரை ஒருவர் உடன் இருந்தாக வேண்டும்.

அகதீசியா என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையையும் இதோடு சேர்க்கிறேன். உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும், நடந்தாலும் அடங்காது. உடம்புக்குள் எதுவோ முறுக்கிப் பிழிவதுபோன்ற தாங்க முடியாத அமைதியின்மை. சாதாரணப் பதற்றம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையது என்பதால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது, பல நாள் தூங்காமலேயே கட்டுக்கடங்காத உற்சாகம், மயங்கி விழுதல், இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுதல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் பயந்துபோய் அன்றே மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் பலர். அப்படிச் செய்ய வேண்டாம். திடீர் நிறுத்தத்துக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

படி 1: உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்த செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டுவிட்டு மறுபடி உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன. இன்று அதிகமாக எழுதப்படும் மனச்சோர்வு மருந்துகள் இந்த மறு உறிஞ்சலைத் தடுப்பவை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செரட்டோனின் கூடுதலாக நிற்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளின் உணர்திறன் குறைகிறது. மருந்தை நிறுத்தினால் அது சில நாட்களில் வெளியேறிவிடும். மூளை பழைய நிலைக்குத் திரும்ப அதைவிட அதிக காலம் எடுக்கும். இந்த இடைவெளியில் வருபவைதான் விலகல் அறிகுறிகள்.

செரட்டோனின் மனநிலையோடு மட்டும் வேலை செய்வதில்லை. குடல், தூக்கம், உடல் வெப்பம், சமநிலை, தொடு உணர்வு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அறிகுறிகள் தலை முதல் கால் வரை வருவது அதனால்தான். சளிக்காய்ச்சல்போன்ற உடல்வலி, தூக்கமின்மை, குமட்டல், கிறுகிறுப்பு, ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, தலைக்குள் மின் அதிர்வு, படபடப்பு, எரிச்சல், அழுகை ஆகியவை பொதுவானவை.

இது போதைக்கு அடிமையாவது அல்ல. அடிமைப்பட்டவருக்கு அந்தப் பொருளின்மேல் அடக்க முடியாத ஏக்கம் இருக்கும், மேலும் மேலும் கேட்கும். மனச்சோர்வு மாத்திரையை யாரும் அப்படித் தேடி அலைவதில்லை. இங்கே நடப்பது உடல் ஒன்றுக்குப் பழகிப்போவது. இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளைத் திடீரென்று விட்டாலும் உடல் இப்படித்தான் எதிர்த்து எழும். உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. இமிப்ரமின் என்ற முதல் தலைமுறை மருந்தை நிறுத்தியவர்களிடம் இத்தகைய அறிகுறிகள் வருவது 1959-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. அப்படியிருந்தும், இவை லேசானவை, ஒரு வாரத்தில் தாமாகப் போய்விடும் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நெறி 2019-இல்தான் அந்த வாசகத்தைத் திருத்தி, சிலருக்கு அறிகுறிகள் கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. எத்தனையோ பேர் தங்கள் அனுபவத்தைத் தாங்களே நம்பாமல் கழித்த ஆண்டுகள் அவை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

எத்தனை பேருக்கு வருகிறது? 79 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அறிகுறிகளைச் சொன்னார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. குறுகிய காலமே மருந்து எடுத்தவர்கள் இத்தகைய ஆய்வுகளில் அதிகம், ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இரண்டு: பெரும்பாலானோர் பெரிய சிரமமின்றி நிறுத்திவிடுகிறார்கள், சிரமப்படுகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

படி 2: உங்கள் மருந்தின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுட்காலம் என்கிறார்கள். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக மருந்து வெளியேறும், அவ்வளவு கூர்மையாக விலகல் தாக்கும்.

வென்லாஃபாக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ 5 மணி நேரம். அது உடலில் மாறி உருவாகும் செயல்படு பொருளுக்கு 11 மணி நேரம். ஒரு வேளை மாத்திரையை மறந்தாலே மாலைக்குள் தலை சுற்றுகிறது என்று இதை எடுப்பவர்கள் சொல்வது இதனால்தான். டுலாக்ஸெட்டினுக்கு 12 மணி நேரம். பராக்ஸெட்டினுக்குச் சுமார் 21 மணி நேரம். ஆனால் அது தன்னைச் சிதைக்கும் நொதியையே தடுத்துவைக்கும் மருந்து. அளவு குறையக் குறைய அந்தத் தடையும் விலகுவதால், எதிர்பார்ப்பதைவிட வேகமாக இரத்தத்திலிருந்து இறங்கிவிடும். செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம், சிடாலோபிராம் மூன்றும் ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் வரை.

ஃப்ளூவாக்ஸெட்டின் தனி வகை. அதுவும் அதன் வழிப்பொருளும் உடலில் வாரக்கணக்கில் தங்கும். ஆகவே அது தானாகவே மெல்ல இறங்கும். அதற்கு மறுபக்கமும் உண்டு: அறிகுறிகள் பல வாரங்கள் தள்ளி வரலாம். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆயிற்றே, இது அதனால் இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள்.

அமிட்ரிப்டிலின்போன்ற பழைய வகை மருந்துகளை நிறுத்தும்போது குமட்டல், வயிற்றுப்போக்கு, வியர்வை ஆகியவை கூடுதலாக வரும். மிர்டாசபினை நிறுத்துபவர்களுக்குத் தூக்கமின்மையும் குமட்டலும் முன்னே நிற்கும். நாட்பட எடுத்தவர்கள், அதிக அளவு எடுத்தவர்கள், முன்பு ஒரு வேளை தவறியபோதே அவதிப்பட்டவர்கள் எல்லோரும் மற்றவர்களைவிட மெதுவாக அளவைக் குறைத்து இறங்க வேண்டும்.

படி 3: விலகலா, நோய் திரும்புகிறதா?

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். இங்கே தவறினால் விலகலை நோய் என்று எண்ணித் தேவையில்லாமல் பல ஆண்டுகள் மருந்து தொடரும். அல்லது நோயை விலகல் என்று எண்ணிச் சிகிச்சை தள்ளிப்போகும்.

முதலில் காலத்தைப் பாருங்கள். அளவைக் குறைத்த அல்லது நிறுத்திய சில நாட்களுக்குள் தொடங்கினால் விலகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து, மெல்ல ஊர்ந்து வரும்.

அடுத்து, உங்களுக்கு முன்பு இல்லாத புது அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள். மனச்சோர்வில் தலைக்குள் மின் அதிர்வு வராது. படுக்கையில் புரண்டால் அறையே சுழல்வது, தோலில் ஊசி குத்துவது, காய்ச்சலில்லாமல் காய்ச்சல்போல் நடுங்குவது ஆகியவை விலகலின் கையெழுத்து. கவலையும் அழுகையும் இரண்டிலும் வரும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ஏற்ற இறக்கம். விலகல் அலையாக வரும். காலையில் தாங்க முடியாமல் இருக்கும், மாலையில் இரண்டு மணி நேரம் வானம் வெளுத்ததுபோல் தெளியும். நோய் அப்படி இடைவெளி விடுவது குறைவு.

நான்காவது, மருந்தை மறுபடி தொடங்கினால் என்ன ஆகிறது என்பது. ஓரிரு நாளில் சட்டென்று அடங்கினால் அது விலகல். நோய்க்கு மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகும். இந்தச் சோதனையை நீங்களாகச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நடந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 4: ஒரு குறிப்பேடு

ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். தேதி, எடுத்த அளவு, தூக்கம் எத்தனை மணி நேரம், உடல் அறிகுறி பத்துக்கு எவ்வளவு, மனச் சிரமம் பத்துக்கு எவ்வளவு (எண் கூடினால் சிரமம் கூடுதல்). என்னுடைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"8-ஆம் நாள். 5 மி.கி. தூக்கம் 4. தலை அதிர்வு சுமார் 20 முறை, கண் திருப்பினால் மட்டும். உடல் 7, மனம் 5."
"15-ஆம் நாள். 5 மி.கி. தூக்கம் 6. அதிர்வு 3 முறை. உடல் 3, மனம் 4. மாலையில் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினேன்."

எட்டாம் நாளன்று நரகத்தில் இருப்பதாகத்தான் நினைத்தேன். பதினைந்தாம் நாளும் எனக்கு எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. நோட்டுக்குத் தெரிந்தது. மோசமான நாளில் நினைவு பொய் சொல்லும். எப்போதும் இப்படியே இருந்ததாகச் சொல்லும். எழுதிவைத்த வரி அப்படிச் சொல்லாது.

படி 5: மருத்துவரிடம் பேசுவது

சொல்லாமல் நிறுத்திவிட்டோமே, திட்டுவாரோ என்ற கூச்சத்தில் பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். போங்கள். "இந்தத் தேதியில் நிறுத்தினேன், இத்தனையாம் நாளில் இவை தொடங்கின, இவற்றில் இன்னின்னவை எனக்கு நோய் இருந்தபோது இல்லாதவை" என்று குறிப்பேட்டைப் பார்த்தே சொல்லலாம். "எனக்கு மறுபடியும் முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். என் முதல் முறையில் நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

அங்கே பொதுவாக மூன்று வழிகள் பேசப்படும். அறிகுறிகள் லேசாக இருந்து நாளுக்கு நாள் குறைந்துவந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். பலருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. தாங்க முடியாமல் இருந்தால் மருந்தை மறுபடி தொடங்கி, நிலைபெற்ற பிறகு மெதுவாக இறங்கலாம். நிறுத்திச் சில நாட்களே ஆகியிருந்தால் இது நன்றாக வேலை செய்கிறது. மூன்றாவது, வேகமாக வெளியேறும் மருந்திலிருந்து ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு மாறி அதிலிருந்து இறங்குவது. இது சிலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. மாறும் முறையிலும் கவனம் தேவை.

மறுபடி தொடங்குவது தோல்வி அல்ல. மிக வேகமாக இறங்கிவிட்டோம், இரண்டு படி ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

படி 6: குறைக்கும் கணக்கு

10 மில்லிகிராமை 5 ஆக்கு, பிறகு நிறுத்து. பலருக்கும் சொல்லப்படும் முறை இதுதான். பார்க்க நியாயமாகவே இருக்கிறது. பலர் தடுமாறி விழுவதும் அந்தக் கடைசி இறக்கத்தில்தான். காரணத்தை 2019-இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளை ஸ்கேன் தரவுகளை வைத்துத் தெளிவாக எழுதினார்கள்.

மருந்தின் அளவும் அது மூளையில் செய்யும் வேலையும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. சிடாலோபிராமை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 60 மில்லிகிராம் எடுத்தால் செரட்டோனினை உறிஞ்சும் வாயில்களில் ஏறத்தாழ 88 சதவீதம் அடைபடுகிறது. 20 மில்லிகிராமிலேயே சுமார் 80 சதவீதம். 9 மில்லிகிராமுக்கு 70. 5 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டினால் 60. வெறும் மூன்றரை மில்லிகிராமிலும் 50. ஒன்றரைக்கு 30.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 60-இலிருந்து 20-க்கு இறங்கும்போது, 40 மில்லிகிராம் போயும் மூளை உணரும் இழப்பு வெறும் 8 சதவீதம். 5-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்கும்போது ஒரே நாளில் ஏறத்தாழ 60 சதவீதம் கைவிட்டுப்போகிறது. மலைச்சரிவு மேலே மெதுவாகவும் கீழே செங்குத்தாகவும் இருக்கிறது. மாத்திரை அட்டையில் இருக்கும் மிகச் சிறிய அளவு, மூளைக்குச் சிறிய அளவே அல்ல.

ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரே மில்லிகிராமைக் கழிக்காமல், அப்போதைய அளவில் ஒரு விகிதத்தைக் கழிக்க வேண்டும். பிரிட்டனின் தேசிய நெறி 2022-இல் இதைத்தான் பரிந்துரைத்தது: முந்தைய அளவில் ஒரு பங்கு, தொடக்கத்தில் பாதி என்றால் கீழே வர வர கால் பங்காகக் குறைப்பது, மாத்திரையால் முடியாத அளவுக்குச் சிறிதானால் திரவ மருந்துக்கு மாறுவது, ஒரு படியின் அறிகுறி அடங்கிய பிறகே அடுத்த படி. நீண்ட காலம் எடுத்தவர்களும் முன்பு ஒரு முறை தோற்றவர்களும் மாதத்துக்குப் பத்து சதவீதம் என்று இன்னும் மெதுவாகப் போவதுண்டு. 20 மில்லிகிராம் 18 ஆகும், பிறகு 16.2, பிறகு 14.6. இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்களுக்குச் சில வாரங்களே போதுமானதாகவும் இருக்கலாம். முதல் படியை உடல் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதை வைத்து அடுத்ததை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள்.

நடைமுறையில் கை வைக்கும்போது சில செய்திகள். சாதாரண மாத்திரையை மாத்திரை வெட்டும் கருவியால் நான்காக்கலாம். கத்தியால் வெட்டினால் தூளாகி அளவு தவறும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை வெட்டவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுதும் மெல்ல வெளியாக வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும். டுலாக்ஸெட்டின் கேப்ஸ்யூலின் உள்ளே இருக்கும் மணிகளை நசுக்கினால் வயிற்று அமிலத்தில் மருந்து கெட்டுப்போகும். எஸ்சிடாலோபிராம், சிடாலோபிராம், ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், பராக்ஸெட்டின் ஆகியவை திரவ வடிவிலும் தயாரிக்கப்படுகின்றன. ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் அரை மில்லிகிராம்கூடத் துல்லியமாக வரும். கிடைக்காவிட்டால் மருந்தாளுநரிடம் மாற்று வழி கேளுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது மெதுவாகக் குறைப்பதுபோல் தோன்றும். வேகமாக வெளியேறும் மருந்துகளுக்கு அது குறைப்பே அல்ல. இரண்டு நாளுக்கு ஒரு முறை உடலை விலகலில் தள்ளுவது. வாரக்கணக்கில் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு மட்டும் இந்த முறையைக் கையாளலாம்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். வேலை மாற்றம், வீடு மாற்றம், துக்கம், தேர்வு ஆகியவற்றின் நடுவில் வேண்டாம். மருந்து தீர்ந்துபோனதால் நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசமான காரணம். இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

படி 7: அந்த நாட்களைக் கடப்பது

விலகல் அறிகுறியைத் துடைத்தெடுக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. ஒவ்வொன்றின் கூர்மையையும் கொஞ்சம் மழுங்கச் செய்யலாம்.

தலைக்குள் அதிர்வு: பயமுறுத்துகிறது, ஆனால் மூளையைச் சேதப்படுத்துவதாகச் சான்று இல்லை. கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போது பலருக்குத் தூண்டப்படுகிறது. கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையும் உடலையும் சேர்த்து மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். தூக்கம் கெட்ட நாளில் கூடும்.

கிறுகிறுப்பு: படுக்கையிலிருந்து ஒரே எழுச்சியில் எழ வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, உட்கார்ந்து, பத்து எண்ணி, பிறகு நில்லுங்கள். அடங்கும்வரை வாகனம் ஓட்டாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

கனவுகள்: மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலானவை கனவு காணும் உறக்கத்தை அடக்கிவைக்கின்றன. மருந்து விலகியதும் அது மொத்தமாகத் திரும்பிவருகிறது. அதனால்தான் கனவுகள் அத்தனை நிறமாக, அத்தனை நீளமாக வருகின்றன. அவற்றுக்குப் பொருள் தேடி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். நடு இரவில் விழித்தால் விளக்கைப் போட்டு, இருக்கும் இடத்தைக் கண்ணால் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் படுங்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். தூக்கம் வராத இரவுக்குப் பிறகும் அதே நேரத்தில் எழுங்கள்.

குமட்டலுக்கு, வெறும் வயிறு ஆகாது; கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுங்கள். காப்பி, தேநீரைக் குறையுங்கள், படபடப்புக்கு அவை எண்ணெய் ஊற்றும். மதுவைத் தொடாதீர்கள். அன்றிரவு ஆறுதலாகத் தெரியும், மறுநாள் விலகலையும் மனச்சோர்வையும் சேர்த்தே கிளறிவிடும்.

மூலிகைதானே என்று செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் எடுப்பவர்கள் உண்டு. உடலில் மருந்து மிச்சமிருக்கும்போது அது செரட்டோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். டிரமடால் என்ற வலிநிவாரணியும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும் அப்படியே. தூக்கத்துக்கென்று யாரோ கொடுக்கும் மாத்திரைகளும் வேண்டாம். ஒரு பழக்கத்திலிருந்து வெளியே வர இன்னொன்றுக்குள் போவதாக ஆகிவிடும்.

கோபமும் அழுகையும்தான் எனக்கு மிகக் கடினமாக இருந்தன. உணர்ச்சி உண்மையானதுதான். ஆனால் அதன் அளவு அந்த நிகழ்ச்சிக்கு உரியது அல்ல. நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி: அளவைக் குறைத்த இரண்டு வாரத்துக்குள் எந்தப் பெரிய முடிவும் எடுப்பதில்லை. வேலையை விடுவது, உறவை முறிப்பது, நீண்ட கடிதம் எழுதுவது எதுவும் கிடையாது. எழுதியே ஆக வேண்டுமென்றால் நோட்டில் எழுதுவேன். மூன்று வாரம் கழித்துப் படித்தபோது அவற்றில் ஒன்றைக்கூட அனுப்பியிருக்க வேண்டாம் என்றே தோன்றியது.

நடைப்பயிற்சி உதவுகிறது. மிதமானது மட்டும். சிலருக்குக் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு அறிகுறிகள் கூடுகின்றன; அப்படியானால் பாதியாக்குங்கள்.

படி 8: உடன் இருப்பவர்களுக்கு

இதைப் படிக்கும் துணைவர்களே, பெற்றோரே, நண்பர்களே: "மனசைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். காய்ச்சலில் கிடப்பவரிடம் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். "மாத்திரை சாப்பிட்டதே தப்பு" என்பதும் வேண்டாம். அந்த மாத்திரை அவரை ஒரு காலத்தில் கரைசேர்த்திருக்கலாம்.

செய்யக்கூடியவை சின்னச் சின்னவை. எரிந்து விழும்போது பதிலுக்கு எரிந்து விழாமல் பத்து நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள். வாகனத்தை நீங்கள் ஓட்டுங்கள். மருத்துவரிடம் கூடப் போய், வெளியிலிருந்து நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது; அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தவருக்கு வாய் திறக்க ஒரு வழி கிடைக்கும்.

படி 9: கடைசி அளவும் அதற்குப் பிறகும்

எத்தனை நாள் நீடிக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பலருக்கு ஓரிரு வாரம். சிலருக்கு மாதங்கள். மிகச் சிலருக்கு அதற்கும் மேலே. நன்றாக இருந்த ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி அலை வந்தால், ஆரம்ப இடத்துக்கே போய்விட்டதாக எண்ண வேண்டாம். குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். பொதுவாக அலைகள் குறுகிக்கொண்டும் இடைவெளிகள் நீண்டுகொண்டும் போகும். நிறுத்திய பிறகும் பாலுணர்வுக் குறைபாடு தொடர்வதாகச் சிலர் சொல்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. 2019-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே மருந்துக் குறிப்பில் இதைச் சேர்க்கச் சொன்னது. மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

எல்லோரும் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டனில் நீண்ட காலம் மருந்து எடுத்து, நிறுத்தலாம் என்று உணரும் அளவுக்கு நலமாக இருந்த 478 பேரை வைத்து ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. நிறுத்தியும் நலமாக இருந்தவர்கள் நிறையப் பேர். நிறுத்தி மறுபடி நோய் கண்டவர்களும் நிறையப் பேர். பலமுறை கடும் மனச்சோர்வு வந்தவர், நிறுத்தியபோதெல்லாம் உயிராபத்து வரை போனவர், தொடர்ந்து எடுப்பதே சரி என்று மருத்துவரோடு முடிவு செய்தால் அது முழுமையான, மரியாதைக்குரிய முடிவு. பாதி வழியில், நலமாக இருக்கும் ஒரு சிறிய அளவில் நின்றுவிடுவதும் அப்படியே.

நான் இரண்டாம் முறை இறங்க 11 மாதம் ஆயிற்று. கடைசி மூன்று மாதங்கள் 2 மில்லிகிராமுக்கும் அரை மில்லிகிராமுக்கும் நடுவில் கழிந்தன. சிரிஞ்சின் கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு காலையும் அளந்தேன். பூஜ்ஜியத்துக்கு வந்த வாரத்தில் நான்கைந்து அதிர்வுகள், இரண்டு மோசமான இரவுகள், அதோடு முடிந்தது.

நிறுத்தியதும் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். இன்னும் ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்கு நோய் முதன்முதலில் எப்படித் தொடங்கியது என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டேன், தொலைபேசியை எடுக்க மனம் வரவில்லை, குளிக்கத் தள்ளிப்போட்டேன் என்று உங்கள் அறிகுறிகளை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியை நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து, இவற்றில் இரண்டு ஒன்றாக இரண்டு வாரம் தெரிந்தால் என்னை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.